உட்காரும் இடங்களின் கணக்கு

2022 மார்ச் கடைசியில் பெருங்குடியில் அமேசான் நிறுவனத்தின் புதிய அலுவலகம் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், உலக வர்த்தக மைய வளாகத்தில் 18 மாடிகள், 8.3 லட்சம் சதுர அடி. அன்றைய தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் மனோ தங்கராஜ் திறந்து வைத்தார். 6,000 பேருக்கு இடம் உண்டு என்று பத்திரிகைகள் எழுதின. 'இடம்' என்று அவை சொன்னதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'சீட்' என்பார்கள். கட்டிடத்தைச் சதுர அடியிலும் ஆட்களைச் சீட்டிலும் அளப்பது அவர்கள் வழக்கம். 6,000 பேருக்கு இடம் என்றால் 6,000 நாற்காலி.

எங்கள் வீட்டில் நாற்காலி சாதாரண விஷயமில்லை. என் சித்தி 11 வருடம் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் இருந்தார். அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது "வேலை பார்த்தேன்" என்று சொல்லமாட்டார், "நின்னேன்" என்பார். "மூணாவது மாடியில நாலு வருஷம் நின்னேன், அப்புறம் கீழே காட்டன்ல நின்னேன்." காலை 9 மணிக்கு நின்றால் இரவு 9 மணிக்குத்தான் கால் மடங்கும். ஆளே வராத மதியம் 3 மணிக்கும் அலமாரியில் முதுகைச் சாய்க்கக்கூடாது. சாய்ந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசர் பார்த்துவிடுவார், சம்பளத்தில் பிடிப்பார்கள். புடவை பார்க்க வந்தவர்களுக்கு வரிசையாக ஸ்டூல் போட்டிருக்கும், எடுத்துக் காட்டுகிற பெண்ணுக்கு இருக்காது. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்த பிறகு டாக்டரிடம் போனபோது, காலைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "டீச்சரா, ஜவுளிக்கடையா?"

பெருங்குடிக் கட்டிடத்தில் இருப்பவர்களும் உஸ்மான் சாலையில் நிற்பவர்களும் ஒரே தொழிலின் ஆட்கள். இரண்டும் சில்லறை வியாபாரம்தான். சில்லறை வியாபாரத்தின் வரலாற்றை முதலாளிகளின் பெயரை வைத்தும் கடை திறந்த ஆண்டை வைத்தும் நிறைய எழுதியாயிற்று. அதே வரலாற்றை யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்ற கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

தியாகராய நகர் ஓர் ஏரியின் மேல் எழுந்த ஊர். மாம்பலம் ஏரி, மயிலாப்பூர் ஏரி என்றெல்லாம் சொல்லப்பட்ட அந்த நீண்ட நீர்ப்பரப்பை 1920களில் வடித்து மனை பிரித்தார்கள். ஏரி போய் நூறு வருடம் ஆகிறது, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. 1928இல் நல்லி பட்டுக்கடை வந்தது. அந்தக் காலத்துப் பட்டுக்கடையில் விற்கிறவரும் வாங்குகிறவரும் உட்கார்ந்திருப்பார்கள். மேடைமேல் விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவையை விசிறிப் போடுவார் கடைக்காரர். முதலாளிக்குக் கல்லாவில் திண்டு. விற்பனை என்பது ஆண்கள் உட்கார்ந்து செய்த வேலை.

பல மாடிக் கடைகள் வந்தபோது கண்ணாடி கவுண்டர் வந்தது, கவுண்டருக்குப் பின்னால் பெண்கள் வந்தார்கள். தென்மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டு, கடை நடத்தும் விடுதியில் தங்கிக்கொண்டு. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வெளிவந்தபோது, ரங்கநாதன் தெருவில் வருடக்கணக்காகப் பொருள் வாங்கியவர்கள்கூட இதையெல்லாம் புதிதாகத் தெரிந்துகொண்டதுபோல அதிர்ந்தார்கள். எதிரே நின்ற பெண்ணின் காலை அதுவரை யாரும் பார்க்கவில்லை. கவுண்டர் மறைத்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்கள் விற்பனைக்கு வந்ததும் உட்காரும் இடம் போய்விட்டது என்பது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1899லேயே, கடையில் வேலைபார்க்கும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போடவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அவர்கள் ஆண்ட சென்னைக்கு அந்த இருக்கை கப்பலேறி வரவில்லை. 1947ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வேலை நேரம், வார விடுமுறை எல்லாவற்றையும் பேசியது. உட்காருவதைப் பற்றி அதில் தனிப் பிரிவு கிடையாது.

அந்தப் பிரிவைத் தெருவிலிருந்து எழுதியவர்கள் கேரளப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த பி. விஜி முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். 2009இல் அவரும் தோழிகளும் தொடங்கிய 'பெண்கூட்டு' அங்கிருந்துதான் இருக்கைக்கு வந்தது. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டம் 100 நாட்களைத் தாண்டியது. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். கடைகள் சட்டத்தில் 22-அ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது: வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும். இங்கிலாந்துச் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 122 ஆண்டுகள்.

சித்தி அப்போது கடையை விட்டு நின்று வெகுநாள் ஆகியிருந்தது. இருந்தாலும் அடுத்த தீபாவளிக்குப் பழைய கடைக்குத்தான் போகவேண்டும் என்று பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனார். கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பிரித்த புடவைகளை மடித்து அடுக்கியிருந்தார்கள்.

அந்தச் சட்டத் திருத்தத்துக்கு ஆறேழு மாதம் கழித்துத்தான் பெருங்குடிக் கட்டிடம் திறந்தது. இந்த நிறுவனம் சென்னைக்கு வந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்கான விற்பனைத் தளத்தை அது தொடங்கியது 2013 ஜூனில். சென்னையில் ஒரு சிறிய அலுவலகத்தோடு வேலையைத் தொடங்கியதோ 2005இல். நமக்கு ஒரு சோப்பு விற்பதற்கு எட்டு வருடம் முன்பே நம் உழைப்பை வாங்க வந்துவிட்டது. பிரிட்டனின் டெஸ்கோ 2004இல் பெங்களூருக்கு வந்ததும் இப்படித்தான். கடைக்கு முன்னால் கடையின் மூளை வந்தது. இந்த மூளைவேலைக்குச் சாமர்த்தியமும் ஆங்கிலமும் நாற்காலியும் வேண்டும்.

அந்த நாற்காலியில் உட்காரும் பெண்களை நான் குறைத்துப் பேசவில்லை. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் தெருவுக்கொரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த காலத்தில் 'லோயர்', 'ஹையர்' பாஸ் செய்து அலுவலகத்தில் ஓர் இருக்கையைப் பிடித்த பெண்களின் பேத்திகள் அவர்கள். அந்த இருக்கைக்காக வீட்டில் எத்தனை சண்டை போட்டார்கள் என்பது அந்தந்த வீட்டுக்குத் தெரியும். ஆனால் அன்றும் எல்லா வீட்டுப் பெண்ணும் அந்த இன்ஸ்டிட்யூட்டின் படி ஏறவில்லை. பள்ளி இறுதி வரை படிக்கவைத்த சாதிகளின் பெண்களுக்கே அந்தப் படி முதலில் எட்டியது. இட ஒதுக்கீடும் பொறியியல் கல்லூரிகளும் பிறகு அதை அகலமாக்கின என்பதும் உண்மை.

மூளை பெருங்குடியில் இருந்தால் கையும் காலும் எங்கே? கிடங்குகளில். 2024இல் ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது: ஆறு லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போகமாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்கவைத்தார்கள் என்று. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அது தனிப்பட்ட ஒரு சம்பவம் என்றது நிறுவனம். மிட்டாய்த் தெருவில் விஜி எதை வைத்துத் தொடங்கினாரோ அதே தண்ணீர், அதே கழிப்பறை.

இந்தச் சாலையின் பெண்கள் வரலாற்றுக்கு ஒரு தொடக்க ஆண்டு சொல்லச் சொன்னால் 2000 என்பேன். அந்த ஜூலையில் தரமணியில் டைடல் பார்க்கைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை செய்யக்கூடாது என்ற 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியைச் செல்லாது என்றது. வசந்தா எதிர் இந்திய ஒன்றியம் என்பது வழக்கின் பெயர். தீர்ப்பு வாகன வசதி, ஓய்வறை என்று ஒரு பட்டியலே போட்டது. அது தொழிற்சாலைகளைப் பற்றிய தீர்ப்புதான், அலுவலகங்களைப் பற்றியது அல்ல. ஆனால் இரவில் பெண் வெளியே இருப்பது அவளுடைய ஒழுக்கப் பிரச்சினை அல்ல, வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்ற வாதம் சட்டத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். 2019இல் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு ஆணை போட்டபோதும், இரவு 8 மணிக்குமேல் பெண்களை வேலை வாங்க அவர்களின் எழுத்துபூர்வ சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்று சேர்த்தது. இடையில் 2014 பிப்ரவரியில், சிறுசேரியில் இரவு வேலை முடிந்து தனியே நடந்துபோன ஒரு மென்பொருள் ஊழியர் கொல்லப்பட்டார். வாசல்வரை வண்டி அனுப்புவது பற்றி நிறுவனங்கள் தீவிரமாகப் பேசியது அதற்குப் பிறகு.

2000இல் நடந்த மூன்றாவது விஷயம் கண்ணகி நகர். டைடல் பார்க்கிலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் உண்டாக்கிய குடியிருப்பு. அடையாற்றுக் கரை, கூவம் கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரம் என்று மத்திய சென்னையிலும் மயிலாப்பூர்ப் பக்கத்திலும் இருந்த குடும்பங்களை லாரியில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். இன்று அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். நீதி கேட்டு மதுரையை எரித்தவளின் பெயரை வெளியேற்றப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்தது யார் யோசனையோ! (கடற்கரையில் இருந்த கண்ணகி சிலையையே 2001இல் ஒருமுறை இடம்பெயர்த்தார்கள். சிலை 2006இல் திரும்பி வந்தது.)

வெளியேற்றத்தில் ஆண்களைவிடப் பெண்களின் வேலை உடனே போனது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கு அந்த வேலை நடக்கும் தூரத்தில் இருந்ததால்தான் வேலை. காலை 6 மணிக்கு ஒரு வீடு, 8 மணிக்கு இன்னொன்று, நடுவில் ஓடிவந்து பிள்ளைக்குச் சோறு. 15 கிலோமீட்டர் தள்ளி வைத்ததும் அந்த ஏற்பாடு உடைந்தது. சிலர் இரண்டு பஸ் மாறிப் பழைய வீடுகளுக்கே போனார்கள். மற்றவர்களுக்குப் பக்கத்தில் எழுந்துகொண்டிருந்த கண்ணாடிக் கட்டிடங்களில் 'ஹவுஸ்கீப்பிங்' கிடைத்தது.

இது பழைய கதை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெருங்குடிக் கட்டிடம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகர் வீடுகளை இடித்தார்கள். பெரும்பாக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே வாழ்ந்த ஒருவர் இடிப்பின் நடுவே தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான், மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே மாற்று வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னார்.

ஹவுஸ்கீப்பிங் பெண்கள் பெரும்பாலும் காண்ட்ராக்டரின் ஆட்கள். கட்டிடத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கிறதோ அதன் ஊழியர் பட்டியலில் அவர்கள் வரமாட்டார்கள், சீட் கணக்கிலும் வரமாட்டார்கள். 22-அ பிரிவு அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு மாடியின் கழிப்பறைகளைத் துடைக்கிற பெண் தன் இடைவேளையில் எங்கே உட்காருகிறார் என்று நீங்கள் வேலைபார்க்கும் கட்டிடத்தில் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். நான் கேட்டவரை மாடிப்படி, சர்வீஸ் லிஃப்ட் பக்கம், துடைப்பம் வைக்கும் அறை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இந்தத் திட்டத்தை இலவசம் என்று கேலி செய்தவர்கள், கண்ணகி நகர் டெப்போவில் ஒரு காலை நின்று பார்த்திருக்க மாட்டார்கள். மாதம் பல நூறு ரூபாய் மிச்சம் என்று அந்தப் பெண்கள் சொல்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. பஸ் காசு இல்லை என்பதை வைத்துக் கூலியை உயர்த்தாமல் இழுக்கும் காண்ட்ராக்டருக்கும் இது மிச்சம்தானோ? அதற்காகத் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது, கூலியைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு டிசம்பர் விடிகாலை அந்த பஸ்ஸில் ஏறினேன். முக்கால்வாசிப் பெண்கள், மடியில் டிபன் பாக்ஸ், நீலச் சட்டையைப் புடவைக்கு மேலேயே போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். எந்தக் கட்டிடம் என்று கேட்டதற்குப் பெருங்குடிப் பக்கம் என்று மட்டும் சொன்னார். தினமும் இந்த வண்டியா என்றேன்.

"ஆமாக்கா. போறப்ப உக்காந்துனு போயிடலாம். வர்றப்பதான் நின்னுனே வரணும்."