ரவைக்கு ஏன் இடுப்பு? கடலூரில் மாண்ட ஒருவரின் கதை

போன மாதம் திருக்கோவிலில் ஒரு கானிவெல். பலூன் சுடும் கடையில் ஆறு ரவைக்குக் காசு கட்டி, ஐந்தைச் சுட்டு ஒன்றுமே படாத ஒரு பொடியன், மிஞ்சிய ஆறாவது ரவையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுநாள் என்னிடம் வந்தான். தரம் 11 வரை என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். இப்போது உயர்தரத்தில் பௌதிகவியல்.

"சேர், இதுக்கு ஏன் இடுப்பு இருக்கு? குண்டு என்டா உருண்டையாத்தானே இருக்கணும்?"

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சின்னஞ்சிறு உடுக்கு மாதிரி இருந்தது. தலைப்பக்கம் கனத்த ஈயம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்பக்கம் பாவாடைபோல் விரிந்த மெல்லிய தகடு, அதற்குள் வெறும் பொந்து. அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. தேடிப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். தேடப் போனால் கதை நமக்கு எதிர்க்கரைக்கே வந்து நின்றது.

(துவக்கைப் பற்றி ஒரு வாத்தியார் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். என் வயதில் இந்தக் கரையில் வளர்ந்த யாருக்கும் அது விளையாட்டுச் சாமான் இல்லைதான். எனக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். ஆனாலும் பொடியனின் கேள்வி நியாயமான கேள்வி.)

எறியப்பட்ட பொருள் பரவளைவில் போகும் என்று கலிலியோ எழுதியது 1638இல். காற்று அதைக் குழப்பும் என்பது அவருக்கே தெரியும். ஆனால் அவருக்குப் பின்வந்த பீரங்கிக்காரர்கள், இரும்புக் குண்டின் கனத்துக்கு முன்னால் காற்று என்ன பெரிய விஷயம் என்று நூறு வருடம் அதே பரவளைவையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதை உடைத்தவர் பெஞ்சமின் ரொபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில், ஆயுதத்தையே தொடக்கூடாது என்று நம்பும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர்!

அவர் செய்தது மிக எளிய வேலை. கனமான மரப்பலகை பொருத்திய ஓர் ஊசலைத் தொங்கவிட்டு அதில் சுட்டார். குண்டு பலகையில் பதிந்ததும் ஊசல் எவ்வளவு ஆடியது என்று அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். பிறகு பலகையைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டு, காற்று வழியில் எவ்வளவு வேகத்தைத் தின்றது என்றும் கண்டுபிடித்தார். 1742இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். உயர்தரத்தில் உந்தக் காப்புக்கு நாம் செய்கிற அதே கணக்குத்தான். ஆளின் பெயரைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

நீங்களே போட்டுப் பாருங்கள். செக்கனுக்கு 1700 அடி வேகத்தில் 45 பாகையில் புறப்படும் குண்டு, காற்று இல்லையென்றால் ஏறக்குறைய 27 கிலோமீற்றர் போகவேண்டும். அந்தக் காலத்து மஸ்கட் குண்டு அரை மைல் போனாலே பெரிய காரியம். மிச்சத்தைத் தின்றது காற்று.

இன்னொரு பரிசோதனை இதைவிட அழகு. துவக்குக் குழலின் நுனியை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்து, தூரத்தில் வரிசையாகக் கடதாசித் திரைகளைக் கட்டி, அவற்றினூடாகச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு காற்றிலேயே வலப்பக்கம் திரும்பியது. வளைவில் குழலின் வலச்சுவரோடு உரசியதால் குண்டு சுழன்றது, அந்தச் சுழற்சி காற்றில் அதைத் திருப்பியது என்றார். முரளிதரனின் பந்து நிலத்தில் படுமுன்பே விலகியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. இந்தப் புத்தகத்தை 1745இல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தவர் மாமேதை ஒய்லர். அவரே இந்த இடத்தை மட்டும் ஏற்கவில்லை, குண்டின் உருவப் பிழைதான் காரணம் என்றார். ரொபின்ஸ் சொன்னதே சரி. ஆனால் 1852இல் இதை ஆராய்ந்த மக்னஸ் என்பவரின் பெயர்தான் அந்த விளைவுக்கு நிலைத்துவிட்டது.

கண்டபடி சுழல்வது குண்டைத் திருப்புகிறது என்றால், போகும் திசையையே அச்சாக வைத்துப் பம்பரம்போல் சுழலவிட்டால்? குழலுக்குள் சுருளாகப் பள்ளம் வெட்டும் வழக்கம் ரொபின்ஸுக்கு முன்பே இருந்தது. அது ஏன் குறி தவறாமல் சுடுகிறது என்பதைக் காற்றை வைத்து விளக்கி 1747இல் றோயல் சொசைட்டியில் கட்டுரை தந்தார். உருண்டையை விட முட்டை வடிவக் குண்டு நல்லது, கனத்த பக்கம் முன்னுக்கு இருக்கவேண்டும் என்றும் சொன்னார். என் மாணவனின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

இந்த மனிதரை 1750இல் கிழக்கிந்தியக் கம்பனி கோட்டைகளைப் பலப்படுத்தச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்தது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையில், 1751 ஜூலை 29இல், காய்ச்சலில் இறந்துபோனார். வயது 44. ஏழு வருடத்தில் அந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து இடித்தும் விட்டார்கள். 2004இல் நம் கரையை அள்ளிய அதே அலைதான் தேவனாம்பட்டினத்தையும் அடித்தது. அந்த ஊரின் பெயரை நான் முதலில் கேள்விப்பட்டதே அப்போதுதான்.

இனி ரவைக்கு வருவோம். போட்டிக்குரிய எயார் ரைபிள் ரவை 4.5 மில்லிமீற்றர் அகலம், அரைக் கிராமைச் சற்றுத் தாண்டும் நிறை. அமுக்கிய காற்று தள்ளும்போது பின்பக்கப் பாவாடை விரிந்து குழலோடு ஒட்டுகிறது, காற்று ஒழுகாது, பள்ளமும் ரவையைப் பிடித்துச் சுழற்றுகிறது. இடுப்பு ஒடுங்கியிருப்பதால் உராய்வு குறைவு. வெளியே வந்தபின் கனம் முன்னுக்கு, வளித்தடை பின்னுக்கு. பெட்மிண்டன் இறகுப்பந்தை எப்படி அடித்தாலும் தலைதான் முன்னுக்கு வருமே, அதே சங்கதி. இதற்கு விலையும் உண்டு. செக்கனுக்கு 170 மீற்றர் அளவில் புறப்படும் ரவை, 10 மீற்றர் போவதற்குள்ளேயே பத்தில் ஒரு பங்கு வேகத்தை இழக்கிறது. சரி, வேகத்தைக் கூட்டினால் என்ன? ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று அதை உலுப்பிவிடும், குறி சிதறும். அதனால்தான் போட்டித் துவக்குகள் மெதுவாகவே சுடுகின்றன. தட்டையான தலை கடதாசியில் சுத்தமாக வட்டம் வெட்டுவதற்காக.

10 மீற்றர் போக 0.06 செக்கன் அளவு. அதற்குள் ரவை ஒன்றே முக்கால் சென்ரிமீற்றர் கீழே விழுகிறது. 10 புள்ளிக்கான நடுப்பொட்டோ வெறும் அரை மில்லிமீற்றர். குறிகாட்டியை இந்த விழுதலுக்கு ஏற்பச் சரிசெய்யலாம், ஆனால் ரவைக்கு ரவை வேறுபட்டால் ஒன்றும் செய்யமுடியாது. ஆகவே பெரிய வீரர்கள் துவக்கை ஆடாமல் பூட்டிவைத்து, எந்தத் தொகுதி ரவை தங்கள் குழலுக்கு ஒத்துவருகிறது என்று சுட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தலை 4.49ஆ 4.50ஆ என்பதுகூட அங்கே பேச்சு.

இந்தப் போட்டியில் நம் நாட்டுத் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டிருக்கிறார். 2019இல் ரியோவில் உலகக் கிண்ணத் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் எங்கே பிறந்தவர் தெரியுமா? கடலூரில்! வளர்ந்தது அகமதாபாத்தில். பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் 60 தடவை சுட்டு 630.7 புள்ளி எடுத்தார். சராசரி பத்தரைக்கு மேல். எட்டுப் பேர் போகும் இறுதிச் சுற்றுக்கு அவர் 10ஆவது. அந்தப் பலகையில் 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீற்றர்.

பொடியனைக் கூப்பிட்டு இவ்வளவையும் சொன்னேன். "அப்ப கடைக்காரன்ட துவக்குல ஏன் எனக்கு ஒண்டும் படல்ல?" என்றான். குழலின் பள்ளம் தேய்ந்திருக்கும், குறிமுனை வளைந்திருக்கும், உன் கையும் ஆடியிருக்கும் என்றேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு வினாத்தாளைக் காட்டினான். "வளித்தடையைப் புறக்கணிக்க" என்று முதல் வரியிலேயே இருந்தது.

"புறக்கணிக்கேலாது எண்டு எழுதினா புள்ளி தருவாங்களா சேர்?"

தரமாட்டார்கள் மகன், பரீட்சைக்குப் பரவளைவையே எழுது என்றேன்.