கதிரையும் கத்தியும்

மனித இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. உடம்பிலுள்ள 5 லீற்றர் அளவான இரத்தம் முழுவதற்கும் ஒப்பான அளவு ஒரு நிமிடத்தில் இருதயத்தைக் கடந்துவிடுகிறது. இன்று பாடசாலை மாணவனும் அறிந்த இச்சுற்றோட்டத்தை நிறுவிக்காட்டும் நூல் 1628ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. இத்தாமதத்தின் காரணத்தைச் சமுதாய வரலாற்றிலேயே நாம் தேடவேண்டும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன், உணவை ஈரல் இரத்தமாக்குகிறது என்றும், அது நாளங்கள் வழியே சென்று உறுப்புகளிற் செலவாகிவிடுகிறது என்றும் கூறினார். இருதயத்தின் நடுச்சுவரிலே கண்ணுக்குப் புலனாகாத துளைகள் உண்டென்றும் கொண்டார். கேலன் குரங்கையும் பன்றியையும் தம் கையாலேயே அறுத்து ஆராய்ந்தவர். பின்வந்தோரோ அவருடைய கத்தியைக் கைவிட்டு ஏட்டை மட்டும் பற்றிக்கொண்டனர்.

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலே பேராசிரியர் உயர்ந்த கதிரையிலிருந்து இலத்தீன் ஏட்டை வாசிப்பார். கீழே நின்று பிணத்தை அறுப்பவன் நாவிதன். வாசித்தவர் பிணத்தைத் தொடவில்லை. தொட்டவனுக்கு ஏடு விளங்கவில்லை. கைத்தொழில் இழிவு, ஏட்டறிவு உயர்வு என்ற பிரிவினையின் நிழலிலே பிழை பத்திரமாக வாழ்ந்தது.

ஐயுற்றோர் இல்லாமலில்லை. நடுச்சுவரிலே துளையில்லை, இரத்தம் சுவாசப்பை வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே அரபு மருத்துவர் இபின் அல் நபீஸ் எழுதினார். நெடுங்காலம் மறைந்துகிடந்த அவர் கூற்றை 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் மீண்டும் வெளிக்கொணர்ந்தார். பதுவாவிலே வெசாலியஸ் கதிரையை விட்டிறங்கித் தாமே கத்தியை எடுத்தார். 1543இல் வெளிவந்த அவரது நூல் கேலனின் பிழைகள் பலவற்றைக் காட்டிற்று.

அப்பதுவாவிலே கற்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி, அறுத்துப் பார்த்ததோடு அமையாது கணக்கும் பார்த்தார். ஒரு துடிப்புக்கு அரை அவுன்சு இரத்தமே வெளியேறுகிறதென வைத்துக்கொள்வோம். அரைமணி நேரத்தில் 1,000 துடிப்பென்றாலும் 500 அவுன்சு. அஃதாவது ஏறத்தாழ 14 லீற்றர்! எவ்வளவு உணவை உண்டால் ஈரல் இத்தனையையும் ஆக்கமுடியும்? ஆகவே சென்ற இரத்தமே திரும்பி வருதல் வேண்டும். கையைக் கட்டி, புடைத்த நாளத்தை விரலால் அழுத்தி, அங்கே இரத்தம் இருதயத்தை நோக்கியே ஓடுகிறதென்பதையும் அவர் காட்டினார்.

ஹார்வி அரசியலிலே புரட்சிக்காரரல்லர், அரண்மனை மருத்துவர். மன்னனே நாட்டின் இருதயம் என்று தம் நூலின் காணிக்கையுரையில் எழுதியவர். ஆயினும் அவருடைய கணக்கு எந்தப் பழம்பெயருக்கும் பணியவில்லை. நூல் வெளிவந்தபின் அவரை நாடிய நோயாளரும் குறைந்தனர் என்பர்.

நாடியிலிருந்து நாளத்துக்கு இரத்தம் செல்லும் வழியை ஹார்வி காணவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின், 1661இல், தவளையின் சுவாசப்பையிலே மயிர்க்குழாய்களை மல்பீகி நுணுக்குக்காட்டியால் கண்டார். வில்லை தேய்த்த தொழிலாளியின் கையே அறிஞனின் கண்ணைத் திறந்தது.

அந்த உயர்ந்த கதிரை இன்றும் நம் வகுப்பறைகளிலே இருக்கிறது. இருதயப் படத்தை வரைந்து பெயர் குறிக்கச் செய்வதோடு நம் பணி முடிந்துவிடாது. மாணவன் தன் மணிக்கட்டிலே விரல் வைத்து எண்ணட்டும், எண்ணியதைப் பெருக்கட்டும், பெருக்கியதை ஏட்டோடு ஒப்பிடட்டும். ஏட்டையும் ஆசிரியரையும் சோதிக்கப் பழகிய கையே நாளைய சமுதாயத்தையும் சோதிக்கும்.