ஊசியா, உட்கார்ந்து கேட்ட காதா?

காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் பக்கம், தறிக்குழியில் கால் வைத்து ஆயுசெல்லாம் மிதித்த நெசவாளப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பட்டு விலைக்கு முன்னால் முழங்கால் வலிதான் வரும்! ‘ஊசி குத்தினா சரியாயிடுமாமே, நெசந்தானா?’ என்பார்கள்.

அந்த ஊசி இங்கே வந்த கதை சுவையானது. 1938-ல், ஜப்பானிடம் அடிபட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் கோட்னிஸ் 1942-ல் சீன மண்ணிலேயே இறந்துபோனார். ஊர் திரும்பிய பி.கே.பாசு பிற்பாடு மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்று, 1959-ல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

சரி, தேய்ந்த முழங்காலுக்கு அது கேட்குமா? ஜெர்மனியில் ஆயிரம் பேருக்கு மேல் மூன்று பிரிவாகச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் தேவைக்கு மாத்திரை, பிசியோதெரபி உண்டு. ஊசியில்லாமல் டாக்டரை மட்டும் பார்த்தவர்களில் 29 சதவிகிதம் பேருக்கு நல்ல குணம். முறைப்படி ஊசி குத்தியவர்களில் 53! அடேயப்பா என்கிறீர்களா? பொறுங்கள்... வேண்டுமென்றே புள்ளி தப்பி, மேலாகக் குத்தப்பட்டவர்களில் 51!

ஆக, வலியைக் குறைத்தது புள்ளியா, பக்கத்தில் உட்கார்ந்து கவனித்த மனுஷரா? பிரிட்டனின் 2022 மருத்துவ வழிகாட்டி, மூட்டுத் தேய்மானத்துக்கு ஊசி வேண்டாம், உடற்பயிற்சிதான் முதல் வைத்தியம் என்றது.

அதனால் பெரியவரே, குத்திக்கொள்வதானால் உங்கள் இஷ்டம். தொடைக்குப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேய்ந்துபோன குருத்தெலும்பை எந்த ஊசியும் திரும்ப நெய்து தராது!