தந்தியின் குரலா, மரத்தின் குரலா?

கல்யாண வீட்டில் வாசிக்கும் நாதஸ்வரம் தெருமுனை வரை கேட்கிறது. அதே பந்தலில் ஒருவர் கிடாரை எடுத்து மீட்டினால் நாலாவது வரிசையில் இருப்பவர் காதில் விழுவதில்லை. காரணம் எளியது. நாதஸ்வரக் கலைஞர் வாசிக்கும் நேரம் முழுவதும் தம் மூச்சின் ஆற்றலைக் கருவிக்குள் செலுத்திக்கொண்டே இருக்கிறார். கிடாரிலோ, விரல் தந்தியை ஒருமுறை இழுத்து விடுவதோடு சரி. அந்தச் சிறிதளவு ஆற்றலிலேயே சுரம் பிறந்து, தேய்ந்து, அடங்க வேண்டும். மெல்லிய தந்தியால் காற்றை நேராக அசைக்கவும் முடியாது. அது தன் அதிர்வைக் குதிரை வழியாக மேற்பலகைக்குத் தருகிறது. பலகைதான் காற்றை அசைக்கிறது. நாம் கிடார் ஒலி என்று கேட்பது உண்மையில் மரத்தின் ஒலி. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நேரும் தொல்லைகள் எல்லாம் இதிலிருந்து வருபவையே.

1920-களில் அமெரிக்காவின் நடன அரங்குகளில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிரம்மும் முழங்கின. அவற்றுக்கு நடுவே கிடார்க்காரர் வாசிப்பது தாளத்துக்குத் துணையாக லேசாகக் கேட்கும், அவ்வளவுதான். தனியாக ஒரு வரி வாசித்துக் காட்ட அவருக்கு வழியில்லை. ஹவாய் கிடார் வாசிப்பவர்களின் நிலை இன்னும் மோசம். மடியில் கிடத்தி, எஃகுத் துண்டால் தந்தியை வருடி வாசிக்கும் இந்த இசை, 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பிறகு நாடெங்கும் பரவியிருந்தது. அரங்குகள் பெரிதாயின, கருவி பெரிதாகவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜார்ஜ் போஷாம் என்ற மேடைக் கலைஞர் இருந்தார். வயலினும் ஹவாய் கிடாரும் வாசிப்பவர். உரக்க ஒலிக்கும் கிடார் வேண்டும் என்று அவர் ஜான் டோப்பியரா என்ற கருவி செய்பவரை அணுகினார். டோப்பியரா, மெல்லிய அலுமினியக் கூம்புகளைக் குதிரையின் கீழே பொருத்தி ஒரு கிடார் செய்தார். 1927-இல் அது விற்பனைக்கு வந்தது. கணீரென்று ஒலித்தது. ஆனால் ஆற்றல் அழிவின்மை விதியை எந்தக் கூம்பாலும் மீற முடியாதல்லவா? விரல் கொடுத்ததற்கு மேல் ஒரு துளி ஆற்றலும் அதிலிருந்து வரப் போவதில்லை. வேண்டிய ஆற்றலை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அதற்குள் வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் வானொலியிலும் பேசும் படங்களிலும் வந்துவிட்டன.

‘கிடாருக்கு முன்னால் ஒரு மைக் வைத்தால் போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். வைத்துப் பார்த்தார்கள். மைக் பக்கத்திலுள்ள டிரம்மையும் சேர்த்துக் கேட்கிறது. அதோடு, ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி கிடாரின் பெட்டியை அதிர வைக்கிறது. பெட்டியின் ஒலி மீண்டும் மைக்குக்குள் போகிறது. ஒரு சுற்றில் இழக்கும் ஆற்றலைவிடப் பெருக்கி தரும் ஆற்றல் மிகுந்துவிட்டால், ஊளைச் சத்தம் கிளம்பி அரங்கையே காதைப் பொத்த வைக்கும். பள்ளி ஆண்டு விழாவில் இதைக் கேட்காதவர் யார்? கிடாரில் இது பெரும்பாலும் 100 ஹெர்ட்சுக்கு அருகில் தொடங்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒலித்துளை வழியே ஒத்ததிரும் அதிர்வெண் ஏறத்தாழ அதுதான்.

போஷாமின் வழி வேறு. காற்றையும் மரத்தையும் விட்டுவிட்டுத் தந்தியையே நேராகக் கேட்டால் என்ன என்று அவர் எண்ணினார். கிராமபோனின் பிக்கப்பைக் கழற்றி ஆராய்ந்தார். பால் பார்த் என்ற நண்பருடன் சேர்ந்து வீட்டிலேயே கம்பிச்சுருள்களைச் சுற்றிப் பார்த்தார். சுருள் சுற்றப் பயன்பட்டது சலவை இயந்திரத்தின் மோட்டார் என்று ஒரு சாராரும், தையல் இயந்திரத்தின் மோட்டார் என்று மறு சாராரும் பிற்காலத்தில் சொன்னார்கள். எதுவாயினும் வீட்டில் ஒரு வேலை கெட்டிருக்கும்! 1931-இல் முதல் மாதிரி உருவாயிற்று. இரண்டு குதிரை லாட காந்தங்கள் தந்திகளை வளைத்து நின்றன. தந்திகளுக்கு அடியில் கம்பிச்சுருள்.

இதன் தத்துவம் நீங்கள் பள்ளியில் படித்ததுதான். 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல். காந்தத்தின் அருகிலுள்ள எஃகுத் தந்தி தானும் காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளை ஊடுருவும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம். ஆகவே இந்தப் பிக்கப் அறிவது தந்தியின் வேகத்தை. காற்று எப்படி அசைகிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

அடால்ஃப் ரிக்கன்பாக்கர் என்பவரின் பட்டறையில் இது அலுமினிய வார்ப்பாக உருவாகி 1932-இல் விற்பனைக்கு வந்தது. வட்டமான சிறு உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் மக்கள் அதற்கு ‘வாணலி’ என்று பெயரிட்டார்கள். பெட்டி இல்லை, ஆகவே ஊளையும் இல்லை. காப்புரிமை பெறுவதுதான் கடினமாயிற்று. இது உண்மையில் வேலை செய்யுமா என்று அலுவலர்கள் ஐயுற்றதாகவும், வாஷிங்டனுக்கு ஹவாய் கிடார்க் கலைஞர்களை அனுப்பி அவர்கள் முன் வாசித்துக் காட்டியதாகவும் சொல்வார்கள். 1934-இல் தந்த விண்ணப்பத்துக்கு 1937-இல்தான் உரிமை கிடைத்தது. அதற்குள் வேறு பலரும் இத்தகைய கருவிகளைச் செய்யத் தொடங்கிவிட்டனர்.

வாணலியில் ஒலி கிடைத்தது, மரம் போயிற்று. ஆண்டுக்கணக்கில் பழகிய தம் மரக் கிடாரை விட மனமில்லாதவர்கள் என்ன செய்வது? கிப்சன் நிறுவனம் 1936-இல் வளைந்த மேற்பலகை கொண்ட மரக் கிடாரிலேயே பிக்கப்பைப் பொருத்தி, இ.எஸ்-150 என்ற பெயரில் வெளியிட்டது. சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் 1939-இல் பென்னி குட்மன் குழுவில் இதை வாசித்தபோதுதான், கிடார் சாக்ஸபோனுக்குச் சமமாக நின்று தனி வரிகள் பாடுவதை உலகம் கேட்டது. 1942-இல் காசநோயால் அவர் மறைந்தபோது வயது 25.

அந்தக் கிடாரின் பிக்கப் கனமான நீண்ட காந்தங்களைக் கொண்டது. அவை பலகைக்கு அடியில் மூன்று திருகுகளால் தொங்கின. சுமை ஏறிய பலகை தாராளமாக அதிரவில்லை. இரண்டாவது தந்தி மட்டும் அளவுக்கு மீறி ஒலித்தது. அது சுற்றுக்கம்பி இல்லாத வெறும் எஃகு; பக்கத்திலுள்ள மூன்றாவது தந்தியிலோ மெல்லிய எஃகின் மேல் வேறொரு கம்பி சுற்றியிருந்தது. காந்தத்துக்கு முதன்மையாகத் தெரிவது உள்ளே உள்ள எஃகு. பிற்பாடு இரண்டாவது தந்திக்கு நேர்கீழே இரும்புப் பட்டையில் ஒரு வெட்டுப் போட்டு அதை அடக்கினார்கள். பிக்கப்பை எந்த இடத்தில் வைப்பது என்பதும் சுரத்தின் குணத்தை மாற்றிவிடும். திறந்த தந்தியில், குதிரையிலிருந்து கால் பங்கு தூரத்தில் வைத்தால் நான்காவது சீரிசை கேட்காது. அங்கே அதற்குக் கணு, கணுவில் அசைவில்லை.

இந்த வழியில் ஒரு பெரிய கதவு மூடியே இருந்தது. நரம்பு, நைலான் தந்திகளைக் காந்தம் அறியாது. பித்தளைத் தந்தியும் ஏறக்குறைய ஊமைதான். எஃகுத் தந்தி பூட்டிய கருவிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. மாண்டலின் சீனிவாஸ், ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் கர்நாடக இசையின் கமகங்களை நிறுத்தி வாசித்துக் காட்டினார். சாதாரண மாண்டலினில் சுரம் ‘டிங்’ என்று தோன்றியதும் மறைந்துவிடும், கமகத்துக்கு நேரமிராது.

மற்றக் கருவிகளுக்கு வழி திறந்தது வேறொரு திசையிலிருந்து. 1880-இல் பியேர் கியூரியும் அண்ணன் ஜாக் கியூரியும், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டனர். இதுவே அழுத்த மின்விளைவு. இரண்டாம் உலகப் போரை ஒட்டியும் அதன் பின்னும் இதே குணமுள்ள பீங்கான்கள் செய்யப்பட்டன. அவற்றை வேண்டிய வடிவில் வார்க்கலாம். ஹெலிகாப்டர் செய்துவந்த சார்லஸ் காமன் 1966-இல் ஓவேஷன் கிடார்களைத் தொடங்கினார். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவற்றின் குதிரையில், தந்திகள் அமரும் துண்டுக்கு அடியில், இத்தகைய பிக்கப் வந்தது. இது உணர்வது தந்தி குதிரையை அழுத்தும் விசையை. ஆகவே தந்தி எந்தப் பொருளானாலும் கவலையில்லை.

இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்லலாம். வீணை கற்கும் மாணவி ஒருத்தியின் கருவிக்கு, பித்தளைத் தகட்டில் ஒட்டிய பீங்கான் வில்லை ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். கல்லூரி அரங்கின் பெருக்கியில், மைக் செருகும் இடத்தில் நேராகச் செருகினேன். வீணை கொசுவைப் போல் ஒலித்தது. ‘ஐயா, இது என் வீணைதானா?’ என்று அந்தப் பெண் கேட்டாள். வில்லையைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, தாளில் கணக்குப் போட்ட பிறகுதான் குற்றம் என்னுடையது என்று புரிந்தது.

பீங்கான் வில்லை ஒரு சிறு மின்தேக்கி. அதன் தேக்குத்திறன் C, பெருக்கியின் உள்ளீட்டு மின்தடை R என்றால், 1/(2πRC) என்ற அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலிகள் தேய்ந்துவிடும். என் வில்லை 20 நானோஃபாரட். மைக் உள்ளீடு 4,000 ஓம். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸ் வருகிறது. வீணையின் அடிப்படைச் சுரங்கள் எல்லாம் அதற்குக் கீழே! மின்தடையை 10 லட்சம் ஓமாக உயர்த்தினால் எல்லை 8 ஹெர்ட்சுக்கு இறங்கிவிடும். ஒரு புலவிளைவு டிரான்சிஸ்டரையும் சில மின்தடைகளையும் வைத்து முன்பெருக்கி ஒன்று செய்தேன். மறு வாரம் வீணை வீணையாக ஒலித்தது. கிடார்க் குதிரைக்கு அடியில் வைக்கும் பட்டைப் பிக்கப்பின் தேக்குத்திறன் 1 நானோஃபாரட் அளவுதான் இருக்கும். அதற்கு 1 கோடி ஓம் வேண்டும். ‘பிக்கப் சரியில்லை’ என்று விலை உயர்ந்ததை வாங்க ஓடுபவர்கள் முதலில் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்ப்பது நல்லது.

குதிரைக்கு அடியில் வைக்கும் பட்டையும், பலகையில் ஒட்டும் வில்லையும் ஒன்றையே கேட்பதில்லை. பட்டை, விரல் இழுத்த விசையின் கூர்மையை உடனே எடுத்துச் சொல்லும். மரம் அதில் குறைவு. அது அமரும் பள்ளத்தின் அடி சமதளமாக இல்லாவிட்டால் ஒரு தந்தி உரக்கவும் ஒரு தந்தி மெலிந்தும் கேட்கும். ஆகவே வெட்டும் வேலையைக் கருவி செய்பவரிடமே விடுங்கள். பலகையில் ஒட்டிய வில்லை மரத்தைக் கேட்கிறது; ஆனால் ஊளைக்கும் அதுவே முதலில் ஆளாகும். கிடாரானால் ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்து ஓரளவு சமாளிக்கலாம்.

வில்லையை எங்கே ஒட்டுவது? 1787-இல் கிளாட்னி தகட்டின் மேல் மணல் தூவி, வில்லால் தேய்த்து, அசையாத கோடுகளில் மணல் சேர்வதைக் காட்டினார். கிடார்ப் பலகையிலும் அத்தகைய கோடுகள் உண்டு. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒவ்வொரு கோலம். கோட்டின் மேல் ஒட்டிய வில்லைக்கு அந்தச் சுரம் கேட்காது. ஆகவே எடுத்த எடுப்பில் பசை போடாதீர்கள். இருபக்கமும் ஒட்டும் நாடாவால் தற்காலிகமாக ஒட்டி, குதிரைக்குப் பக்கத்தில் தொடங்கி, விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் எல்லாத் தந்திகளையும் மீட்டி, ஒரு நண்பரை அறையின் மறு கோடியில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது நல்லது. வில்லை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் காது உடனே கட்சி மாறிவிடும்.