உறைக்குள்ள எழுதின முகவரி

புத்தளத்துல இருந்து பழைய மன்னார் பாதையில போனா எலுவன்குளம் வரும். அதுக்கு அங்கால வில்பத்துக் காடு. பார்க்க வாறவங்களை வாசல்ல நிறுத்தி, டிக்கெட் பார்த்துத்தான் உள்ள விடுவாங்க. எங்கட வீட்டு ரவுட்டரும் அப்படியொரு வாசல்தான். ஆனா அது சில நேரம் நம்ம பையையும் திறந்து, உள்ள இருக்கிறதை மாத்தி வைக்கும். அந்தப் பழக்கம் எப்படி வந்தது?

1971 ஏப்ரலில், கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷன், அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தபடி ஆர்எஃப்சி 114 என்ற ஆவணத்தை எழுதினார். கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் எஃப்டிபி அதிலதான் தொடங்குது. 1985இல் வந்த ஆர்எஃப்சி 959இன்படி, "கோப்பை இந்த இடத்துக்கு அனுப்பு" என்டு கணினி தன்ட ஐபி முகவரியைச் செய்திக்குள்ளயே எழுதும். உதாரணமா 192,168,1,5,19,137. முதல் நாலும் முகவரி. கடைசி ரெண்டும் போர்ட்: 19ஐ 256ஆல பெருக்கி 137ஐக் கூட்டினா 5001. ஒவ்வொரு கணினிக்கும் சொந்த முகவரி இருந்தவரைக்கும் இதுல பிரச்சினை இல்ல.

ஆனா 32 பிட்டில மொத்தமே சுமார் 429 கோடி முகவரிதான். அது போதாது என்டு தெரிஞ்சதும், 1994 மே மாதம் எகெவாங்கும் பால் பிரான்சிசும் ஆர்எஃப்சி 1631இல் 'நாட்' என்ற வழியை முன்வைத்தார்கள். உள்ளுக்க தனி முகவரி, வெளியில பொது முகவரி, வாசல்ல ரவுட்டர் மாத்தி எழுதும். குறுகிய காலத்துக்கான ஏற்பாடு என்டுதான் அதைச் சொன்னாங்க.

நாட் மாத்துறது கடித உறையில உள்ள முகவரியை மட்டும். எஃப்டிபியோ உள்ள கடிதத்திலயும் முகவரி எழுதியிருக்கு. வெளியில இருக்கிற சேர்வர் அந்த 192.168 முகவரியைத் தேடினா ஒன்டும் கிடைக்காது. அதனால ரவுட்டர் கடிதத்தையே பிரிச்சுத் திருத்த வேண்டி வந்தது. இந்த வேலைக்காரனுக்குப் பேர்தான் அப்ளிகேஷன் லெவல் கேட்வே, சுருக்கமா ஏஎல்ஜி. புது முகவரியில எழுத்துக் கூடினா, குறைஞ்சா, அதுக்குப் பிறகு போற ஒவ்வொரு டிசிபி பொட்டலத்தின்ட வரிசை எண்ணையும் சரிபண்ணணும். ஒட்டுக்கு மேல ஒட்டு.

2002இல் ஆர்எஃப்சி 3261ஆக வந்த எஸ்ஐபியும், நெட் வழியா கோல் எடுக்கிறதுக்கு, இதே மாதிரி முகவரியை உள்ளுக்க எழுதுது. கட்டார்ல இருக்கிற வாப்பாவுக்கு டயலர் அப்பில எடுத்தா மணி அடிக்கும், எங்கட குரல் போகும், அவர்ட குரல் வராது. சிக்னல் பிழையாகவும் இருக்கலாம். ரவுட்டர்ல இருக்கிற ஏஎல்ஜி அரைகுறையாத் திருத்தினதாகவும் இருக்கலாம். அதனாலதான் ரவுட்டர் செட்டிங்ஸ்ல 'எஸ்ஐபி ஏஎல்ஜி'யை ஓஃப் பண்ணிப் பாருங்க என்டு தெரிஞ்சவங்க சொல்றாங்க. ஸ்டன், ஐஸ் போன்ற முறைகள் வந்த பிறகு, அப்புகள் தங்கட வெளி முகவரியைத் தாங்களே கண்டுபிடிக்குது. அப்படிப்பட்ட அப்புக்கு வாசல்காரன்ட உதவி இடைஞ்சல்தான்.

கடிதம் பூட்டித் தாளிட்டு வந்தா, அதாவது என்கிரிப்ட் ஆகியிருந்தா, ஏஎல்ஜிக்கு வாசிக்கவே ஏலாது. இன்னொரு ஆபத்தும் இருக்கு. 2020இல் சாமி கம்கார் காட்டின 'நாட் ஸ்லிப்ஸ்ட்ரீமிங்', ஒரு இணையப் பக்கத்தைத் திறக்க வைத்தே ஏஎல்ஜியை ஏமாத்தி உள்வாசலைத் திறக்கப் பண்ணியது. லினக்ஸ் 2016லேயே, 4.7 பதிப்பில இருந்து, இந்த உதவியாளர்கள் தானா இயங்குறதை நிப்பாட்டியிருந்தது. தேவையானதை மட்டும், தேவையான போர்ட்டுக்கு மட்டும், நாமே திறக்கணும்.

2011 ஏப்ரல் 15இல், எங்கட ஆசியப் பிராந்தியத்துக்கான ஏப்நிக், வழக்கம்போல முகவரி கொடுக்கிறதை நிப்பாட்டி கடைசிக் கையிருப்பைப் பங்கிடத் தொடங்கியது. அன்றைக்குப் பிறகு இணையத்துக்கு வந்த எங்களைப் போன்ற பலருக்கு, இன்னொருத்தரோட பங்குபோட்ட முகவரிதான் மிச்சம். ஐபிவி6 வந்தா எல்லாருக்கும் போதுமான முகவரி இருக்கு. அதுவரைக்கும் ஒன்டை நினைவில வைப்போம்: சொந்த முகவரி இல்லாதவன்ட கடிதத்தைத்தான் வாசல்ல பிரிக்கிறாங்க.