மூலநாடாவைத் தேடி

இசைத்தட்டில் நாம் கேட்பது, கலைஞர் அன்று அக்கூடத்தில் இசைத்ததன் நேர்ப்பிம்பமே என்று பலரும் கருதுகின்றனர். அஃது அவ்வளவு எளிதன்று. இசைத்தவருக்கும் கேட்பவருக்கும் இடையே, பெரும்பாலும் பெயர் அறியப்படாத ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஒலிக்கூடத்திலிருந்து வரும் நாடாவைத் தட்டில் ஏறத்தக்க வடிவிற்குக் கொணர்வது அவர் தொழில். அதனை மாஸ்டரிங் என்பர். பழைய நாடாவை மீண்டும் எடுத்துச் சீரமைப்பது ரீமாஸ்டரிங். இதில் அனலாக் முறை சிறந்ததா, டிஜிட்டல் முறை சிறந்ததா என்னும் வழக்கு நாற்பது ஆண்டுகளாகத் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கு தவறான மன்றத்தில் நடைபெறுகிறது என்பது என் எண்ணம். ஓர் இசைத்தட்டின் வரலாறே அதற்குச் சான்று.

1959 மார்ச் 2ஆம் நாள், நியூயார்க் 30ஆம் தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிக்கூடத்தில் மைல்ஸ் டேவிஸ் தம் குழுவினரோடு கூடினார். ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பில் எவான்ஸ் முதலியோர் உடனிருந்தனர். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்னும் ஜாஸ் தொகுப்பின் முதற்பக்கத்துப் பாடங்கள் மூன்றும் அன்றே பதிவாயின. மற்றைப் பக்கம் ஏப்ரல் 22இல் பதிவாயிற்று. நாடா இயந்திரங்கள் இரண்டு ஒருசேர ஓடின; ஒன்று முதன்மைப் பதிவிற்கு, மற்றது காப்புப் பிரதிக்கு. மார்ச் 2ஆம் நாள் முதன்மை இயந்திரம் உரிய வேகத்தினும் சற்று மெதுவாக ஓடியது. எவரும் கவனித்திலர். மெதுவாகப் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை விரைவுறும், சுருதியும் ஏறும். அவ்வேறிய சுருதியோடேயே அவ்வாண்டு ஆகஸ்டில் தட்டு வெளிவந்தது. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக முயன்ற இசைவாணர், தம் கருவியின் சுருதி முதற்பக்கத்தோடு இணங்காமை கண்டு மயங்கினர்.

அக்காலத்துத் தட்டு வெட்டும் கலையின் அருமையைக் குறைத்துரைப்பதற்கில்லை. மெருகுப் பூச்சிட்ட அலுமினியத் தட்டில் கூர்முனை வரி கீறும்போது, தாழ்ந்த ஒலிகள் வரியை அகலமாக வளைக்கும். கட்டுப்படுத்தாவிடில் அடுத்தடுத்த வரிகள் மோதிக்கொள்ளும், கேட்பவர் வீட்டில் முள் துள்ளும். தட்டின் நடுவை நெருங்க நெருங்க மேலொலிகள் தெளிவிழக்கும். இவற்றையெல்லாம் செவியால் அளந்து, எதைக் குறைப்பது எதை விடுவது என்று முடிவு செய்தவர் அம்மாஸ்டரிங் பொறியாளரே.

1982இல் குறுந்தட்டு வந்தது. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 நிலைகளுள் ஒன்றாகக் குறிக்கும் முறை அது. இதனால் ஒலி படிக்கட்டுப் போல் நறுக்கப்படுகிறது என்று இன்றும் சொல்வாருண்டு. கணிதம் அவ்வாறு கூறவில்லை; அளக்கும் விகிதத்தில் பாதிக்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகள் தொடர்ச்சியான அலையாகவே மீள்கின்றன. தொடக்ககாலக் குறுந்தட்டுகள் பல காதுக்கு உவப்பாக இல்லாமற்போனது உண்மை. இசைத்தட்டுக்கென்று திருத்திய நாடாவை, அதுவும் பிரதியின் பிரதியை, அப்படியே எண்களாக மாற்றியமை அதற்கு ஒரு காரணம். பழி மட்டும் எண்களின் மேல் விழுந்தது.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதற் குறுந்தட்டுகளும் 1959ஆம் ஆண்டின் பிழையைத் துல்லியமாகச் சுமந்து வந்தன. பிழையைத் திருத்தியது புதிய கருவியன்று. காப்பறையில் கிடந்த அந்த இரண்டாம் நாடா. சரியான வேகத்தில் பதிவான அப்பிரதியைக் கொண்டு 1992இல் ஒரு பதிப்பும், 1997இல் மற்றொன்றும் வெளிவந்தன. முப்பத்து மூன்று ஆண்டுகள்! ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டோரின் உழைப்பை அறிந்த நம்மனோர்க்கு இது வியப்பளிக்காது.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. ஒரு தலைமுறை முழுவதும் காதலித்தது அந்தப் பிழைபட்ட சுருதியைத்தானே? திருந்திய பதிப்பு மந்தமாக ஒலிக்கிறது என்று குறைபடும் பழைய அன்பர்களை நான் எள்ளமாட்டேன். வாசித்தவர்களின் சுருதியே மூலம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பழைய தட்டும் வரலாற்று ஆவணமே, அதனை அழித்தலாகாது.

செவி எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கும் அண்மையில் ஒரு சோதனை நேர்ந்தது. மூலநாடாவிலிருந்து பெறும் உயர்தரத் தட்டுகளுக்குப் பெயர் பெற்றது அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம். இடையில் எண்முறை எதுவும் இல்லை என நம்பியே அன்பர்கள் அவற்றை மிகுவிலை கொடுத்து வாங்கினர். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தொகுப்பை 40,000 படிகள் அச்சிடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தபோது ஐயம் எழுந்தது. அத்தனை படிகளுக்கும் வேண்டிய வெட்டுத்தட்டுகளை ஆக்க, மூலநாடாவை எத்தனை முறை ஓட்டவேண்டும்? 2022இல் உண்மை வெளிப்பட்டது. 2011 முதலே பல தட்டுகளுக்கு நாடாவை முதலில் உயர்நிலை டிஜிட்டல் கோப்பாக மாற்றி, அதிலிருந்தே வெட்டி வந்திருக்கின்றனர். அனலாக்கின் வெம்மை என்று பத்தாண்டுக்கு மேல் போற்றப்பட்டவற்றுள் பல, எண்களின் வழியே வந்தவை. ஒலியைப் பற்றி அதுவரை முறையிட்டாரிலர். ஏமாற்றப்பட்டோம் என்பதற்காகவே வாங்கியோர் வழக்குத் தொடுத்தனர். அச்சினம் நியாயமானதே, தட்டின் உறையில் எந்த நாடா, எத்தனையாம் பிரதி, எவ்வழி வந்தது என்று இரண்டு வரி அச்சிட்டிருந்தால் வழக்குக்கே இடமிருந்திராது.

30ஆம் தெருவின் அவ்வொலிக்கூடம் 1981இல் மூடப்பட்டது. பின்னர்க் கட்டடமும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் குடியிருப்பு எழுந்தது. அக்கூடத்தின் உயர்ந்த கூரையில் பட்டுத் திரும்பிய எதிரொலி, அங்குப் பதிவான நாடாக்களில் மட்டுமே இருக்கிறது.