காஞ்சிச் சீமையும் பாலைவனப் போரும்

காஞ்சிபுரம் என்றதும் கோயில் கோபுரங்களும் பட்டுத் தறிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகருக்கும் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வியக்கலாம். உறவு உண்டு. அது காஞ்சியின் எல்லையிலேயே தொடங்குகிறது.

1780 செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சியை அடுத்த புள்ளலூரில், ஹைதர் அலியும் அவர்தம் மைந்தர் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை வளைத்து முறியடித்தனர். காஞ்சியில் தங்கியிருந்த தளபதி மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அதே மாதம் 30ஆம் நாள், படைகளுக்கு வழி அமைத்துக் கொடுக்கும் பணிக்கென இரண்டு கம்பெனிகளைக் கும்பினியார் சென்னையில் திரட்டினர். அவையே வளர்ந்து மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படையாயின. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பிரிவின்றித் தென்னாட்டார் ஒன்றாக நின்ற படை அது. அவ்வீரர்களுக்கு வழங்கிய செல்லப் பெயர் 'தம்பி' என்பதாகும்.

இரண்டாம் உலகப் போரில் இத்தம்பிமார் 4ஆவது இந்திய டிவிஷனுடன் எகிப்துக்குச் சென்றனர். 1940 டிசம்பர் 9ஆம் நாள், நிபைவா என்னுமிடத்தில் அந்த டிவிஷன் இத்தாலியரைத் தாக்கியபோது, முன்னே சென்றவை மாடில்டா டாங்கிகள். அவற்றின் கனத்த இரும்புக் கவசத்தை இத்தாலியரின் குண்டுகள் துளைக்க முடியவில்லை. பாலைவனத்தின் ராணி என்றே அவற்றைப் போற்றினர்.

ராணியின் ஆட்சி எத்தனை நாள்? ஜெர்மானியரின் 88 மில்லிமீட்டர் பீரங்கி வந்ததும் அக்கவசம் பயனற்றுப் போயிற்று. 1942 அக்டோபரில் அல் அலமைன் போர் மூண்டபோது, பழசாகிப்போன மாடில்டாக்கள் சிலவற்றின் முகப்பில் சுழலும் உருளையைப் பொருத்தி, அதில் சங்கிலிகளைத் தொங்கவிட்டனர். சங்கிலிகள் தரையை அடிக்க, புதைந்திருந்த கண்ணிவெடிகள் வெடிக்கும். 'தேள்' என்று இவற்றுக்குப் பெயர். ஆனால், எழும்பிய புழுதியிலும் சூட்டிலும் எஞ்சின்கள் திணறி நின்றன. எதிரி புதைத்திருந்த கண்ணிகளோ 4 லட்சத்துக்கும் மேல்! இயந்திரம் நின்ற இடத்தில் மனிதனே முன் சென்றான். காதில் கருவியின் ஒலியைக் கேட்டும், துப்பாக்கிமுனைக் கத்தியால் மணலை மெல்லக் குத்திப் பார்த்தும் வழி திறந்தவர்கள் பொறியியற் படையினரே.

1943 மார்ச்சில் துனீசியாவின் மாரத் அரணில் மற்றொரு சோதனை நேர்ந்தது. சிக்ஸாவ் ஓடையில் மரக்கழிக் கட்டுகளைப் போட்டுப் பிரிட்டிஷார் அமைத்த வழியில், வாலண்டைன் டாங்கிகள் கடந்தன. அவற்றின் எடையால் வழி சிதைந்தது. பின்னே வரவேண்டிய பீரங்கிகள் கடக்க இயலவில்லை. அக்கரை சேர்ந்த டாங்கிகளுள் பெரும்பாலானவை காலங்கடந்த சிறு பீரங்கியைத் தாங்கியவை. ஜெர்மன் கவசப் படைக்கு முன் அவை நிற்கவில்லை. மீண்டும் வழி அமைக்க அனுப்பப்பட்டவர்கள் வங்காள, மதராஸ் சாப்பர்கள். குண்டு மழைக்கிடையே அவர்கள் இரவெல்லாம் உழைத்தனர். ஆயினும் அக்கரையைப் பிடித்து வைத்திருக்க முடியாமற் போகவே, அவ்வழியால் பயன் விளையவில்லை. தளபதிகளின் வெற்றியைப் பாடும் சரித்திரம், இத்தகைய வீணான உழைப்பை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது.

ஆப்பிரிக்கப் போர் 1943 மே மாதம் முடிந்தது. டிவிஷன் இத்தாலிக்குச் சென்றது. அதன் 11ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனியில் சுபேதார் சுப்பிரமணியன் என்பவர் இருந்தார். காஞ்சிச் சீமையைச் சேர்ந்த கீழ்ஒட்டிவாக்கம் அவர் பிறந்த ஊர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள், மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். உடன் வந்த வீரர் ஒருவர் கண்ணியை மிதித்துவிட்டார். மிதித்த சில நொடிகள் கழித்தே வெடிக்கும் வகை அது. அதன் இயல்பை நன்கறிந்த சுபேதார் தப்பியோடியிருக்கலாம். அவரோ அதன்மீது பாய்ந்து, தம் உடலால் அதை மூடினார். தோழர்கள் பிழைத்தனர், அவர் மாண்டார். ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருது இந்தியர் ஒருவருக்கு நேரடியாக அளிக்கப்பட்டது அதுவே முதல்முறை.

அந்நியர் ஆட்சிக்காகப் போரிட்டவர்தாமே என்று சிலர் கூறலாம். திப்புவின் வெற்றியைப் போற்றும் நாம், அவரை எதிர்க்க எழுந்த படையின் வழிவந்தவரைப் போற்றலாமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நொடியில் சுபேதாரின் கண்முன் நின்றது சாம்ராஜ்யமன்று, உடனிருந்த தம்பிமாரே!

மாடில்டாவும் வாலண்டைனும் இன்று காட்சிச் சாலைகளில் நிற்கின்றன. காஞ்சிக்குச் செல்வோர் பட்டும் கோபுரமும் கண்டு திரும்புகின்றனர். அந்நகரின் பெயரோடு புள்ளலூரையும் கீழ்ஒட்டிவாக்கத்தையும் சேர்த்து நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக.